ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இருக்கை வரைபடத்தைப் பார்த்தால், கட்சிகளைக் கொள்கைப்படி இடமிருந்து வலமாக உட்கார வைத்திருப்பதுபோலத் தெரியும். பாதிதான் உண்மை. அங்கே இருப்பவை கட்சிகள் அல்ல, குழுக்கள். குழு அமைக்கக் குறைந்தது 7 நாடுகளிலிருந்து 23 உறுப்பினர்கள் வேண்டும். அமைத்துவிட்டால் நிதி, ஊழியர்கள், பேசும் நேரம், கமிட்டிப் பொறுப்புகள் எல்லாம் வரும். தனியாக நிற்பவருக்கு இதெல்லாம் சொற்பம். அதனால் கணக்குப் போட்டுச் சேருபவர்களும் உண்டு. குழுவை வைத்துக் கட்சியின் கொள்கையை முடிவுகட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கத்தையே பாருங்கள். 2014இல், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று போராடிய நைஜல் ஃபராஜின் கட்சியோடு ஒரே குழுவில் இருந்தது. 2017 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தைத் தீவிரமாக ஆதரிக்கும் லிபரல் குழுவில் சேரப் பார்த்தது. அவர்கள் மறுத்துவிட, மறுபடி ஃபராஜ் பக்கமே போனது. 2019 தேர்தலுக்குப் பின் எந்தக் குழுவிலும் இல்லை. 2024இல் இடதுசாரிக் குழுவில் சேர்ந்தது. இதில் எந்த ஆண்டின் வரைபடத்தை நம்புவது?

சரி, யாரும் யாரோடும் சேரலாமா? கொள்கை நெருக்கம் வேண்டும் என்கிறது விதி. ஆனால் அதை வழக்கமாக யாரும் தோண்டித் துருவுவதில்லை. 1999இல் பிரான்சின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியும் இத்தாலியின் தாராளவாத எம்மா போனினோ அணியும் ஒரே குழுவாகப் பதிந்தன. எங்களுக்குள் அரசியல் ஒற்றுமை கிடையாது என்று அவர்களே எழுதிக் கொடுத்ததுதான் வினையானது. குழு செல்லாது என்றது நாடாளுமன்றம். 2001இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கட்சிப் பெயரும் ஏமாற்றும். போர்ச்சுகலின் சமூக ஜனநாயகக் கட்சி சோஷலிஸ்ட் குழுவில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அது மிதவாத வலதுசாரிகளான ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழுவில் இருக்கிறது.

குழு சொன்னபடிதான் எல்லாரும் வாக்களிப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். கொறடா பேச்சை மீறியதற்காக அங்கே பதவி பறிபோகாது. சொந்த நாட்டுக் கட்சி ஒரு பக்கம், குழு ஒரு பக்கம் இழுத்தால், நாட்டுக் கட்சியின் பேச்சைக் கேட்பவர்களே அதிகம்.

அப்புறம், ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பர்க்கின் பெயர் செய்தியில் வந்தால் எந்த அவை என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத தனி அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலின் (Council of Europe) நாடாளுமன்றப் பேரவையும் அதே ஊரில்தான் கூடுகிறது. அங்கேயும் ஐரோப்பிய மக்கள் கட்சி பெயரில் ஒரு குழு உண்டு. ஆனால் அந்தப் பேரவையின் உறுப்பினர்களை அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் அனுப்புகின்றன. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கோ 1979 முதல் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள்.