286 ப்ரொடெக்டெட் மோடுல செக்மென்ட் மாத்துறதுக்கு எவ்ளோ ஆகுதுன்னு நீங்களே அளந்து பாருங்க

பாண்டிச்சேரில இருந்து கடலூர் பஸ்ல வர்றவங்களுக்கு ஆல்பேட்டை செக்போஸ்ட் நல்லாவே தெரியும், பைய தொறந்து காட்டணும், பாட்டில் இல்லன்னா விட்டுடுவாங்க. உள்ள வந்துட்டா மஞ்சக்குப்பத்துல இருந்து திருப்பாதிரிப்புலியூர் போறதுக்கு ஒருத்தரும் பைய தொடமாட்டாங்க. 1982ல வந்த இன்டெல் 80286 (சுருக்கமா 286) சிபியுவோட ப்ரொடெக்டெட் மோடுல, அதாவது ஒவ்வொரு மெமரி துண்டையும் (செக்மென்ட்) யார் தொடலாம்னு சிபியுவே பாத்துக்கிற முறையில, மெமரி பாதுகாப்பும் இதே கதைதான். டி.எஸ், இ.எஸ் மாதிரி செக்மென்ட் ரிஜிஸ்டர்ல புது செலக்டர் (எந்த செக்மென்ட்டுன்னு சொல்ற நம்பர்) ஏத்துறப்பதான் நேரம் போகுது. உள்ள படிக்கிறப்பவும் எழுதுறப்பவும் லிமிட் செக்கிங் (செக்மென்ட் எல்லைய தாண்டுறோமான்னு பாக்குறது) ஹார்டுவேர்ல கூடவே நடந்துடும், அதுக்குன்னு தனி கிளாக் (சிபியு துடிப்பு) கிடையாது.

ஏத்துறப்ப என்ன நடக்குதுன்னா, மெமரில இருக்க டேபிள்ல இருந்து 8 பைட் டிஸ்கிரிப்டர (செக்மென்ட் எங்க ஆரம்பிக்குது, அதான் பேஸ், எதுவரைக்கும் போகுது, அதான் லிமிட், யாருக்கு உரிமைன்னு சொல்ற குறிப்பு) எடுத்து, உரிமை இருக்கா, செக்மென்ட் மெமரில இருக்கான்னு பாத்து, பேஸையும் லிமிட்டையும் சிபியுக்குள்ள ஒளிஞ்சிருக்க இடத்துல வச்சுக்கும். அதே செலக்டர திரும்ப ஏத்துனாலும் மறுபடி முழு செக்கிங்தான், இப்பதான போனீங்கன்னு விடாது. அதனால இன்னொரு ரிஜிஸ்டர்ல இருந்து இ.எஸ்-க்கு மூவ் பண்ண ரியல் மோடுல (இந்த செக்கிங் இல்லாத பழைய டாஸ் முறை) 2 கிளாக், ப்ரொடெக்டெட்ல 17. மெமரில இருந்து இ.எஸ்-ஸையும் கூட ஒரு ரிஜிஸ்டரையும் ஏத்துற எல்.இ.எஸ்-க்கு இதே வரிசையில 7, 21. ஸ்டாக்ல இருந்து எடுக்குற பாப் இ.எஸ்-க்கு 5, 20. கேட் (அனுமதி வாசல் மாதிரி ஒரு டிஸ்கிரிப்டர்) வழியா மேல் உரிமை லெவலுக்கு கால் பண்ணா பாராமீட்டர் இல்லாமலே 82.

அளக்குறதுக்கு டாஸ்பாக்ஸ் எமுலேட்டர் வேணாம், அது எல்லா இன்ஸ்ட்ரக்ஷனையும் கிட்டத்தட்ட ஒரே விலையா எண்ணும். பழைய பிசி மாதிரியே நடந்துக்கிற 86பாக்ஸ் எமுலேட்டர்ல 8 மெகாஹெர்ட்ஸ் 286 மிஷின் போடுங்க, நிஜ போர்டு இருந்தா அதவிட நல்லது. கோடு, டேட்டா, ஸ்டாக், ஸ்க்ரீனுக்கு பி8000 ஹெக்ஸ் பேஸ்ல ஒண்ணுன்னு நாலு டிஸ்கிரிப்டர் போதும். இன்டரப்ட்ட நிறுத்திட்டு உள்ள போங்க, ரிசல்ட்ட நேரா ஸ்க்ரீன் மெமரில எழுதிட்டு ஹால்ட் பண்ணிடுங்க, ஏன்னா 286ல ரீசெட் இல்லாம ரியல் மோடுக்கு திரும்ப வரமுடியாது.

டைமர்ல ஒரு விஷயம் கவனிங்க. பிசியோட டைமர் சிப்ல சேனல் 0-வ பயாஸ் மோடு 3ல விட்டுருக்கும், அது ரெண்டு ரெண்டா இறங்கும், இது தெரியாம எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு, எல்லா நம்பரும் டபுளா வந்துச்சு. 43 ஹெக்ஸ் போர்ட்டுக்கு 34 ஹெக்ஸ் அனுப்பி, 40 ஹெக்ஸ் போர்ட்டுக்கு ரெண்டு தடவ சைபர் அனுப்பி மோடு 2 ஆக்கிட்டு அளங்க. லூப்புக்குள்ள 10 எல்.இ.எஸ் வரிசையா எழுதி 1,000 சுத்து விடுங்க, காலி லூப்ப தனியா ஓட்டி கழிச்சுடுங்க. கணக்குப்படி ப்ரொடெக்டெட்ல சுமார் 31,300 டிக் (டைமரோட எண்ணிக்கை), அதாவது 26 மில்லிசெகண்ட், ரியல்ல 10,400 டிக் வரணும். வெயிட் ஸ்டேட் (மெமரிக்காக சிபியு காத்திருக்குறது) இருக்க போர்டுல ரெண்டுமே ஏறும், ப்ரொடெக்டெட் இன்னும் கூடுதலா ஏறும், டிஸ்கிரிப்டரும் மெமரில இருந்துதான வரணும்.

இப்ப உங்க கோடுல லூப்புக்குள்ள எத்தன தடவ செக்மென்ட் மாறுதுன்னு மட்டும் எண்ணுங்க. ரெண்டு டேபிள் ரெண்டு செக்மென்ட்ல இருந்தா ஒண்ண டி.எஸ்-லயும் இன்னொண்ண இ.எஸ்-லயும் லூப்புக்கு முன்னாடியே ஏத்திடுங்க. அடிக்கடி தொடுற டேட்டாவ எல்லாம் ஒரே 64 கேபிக்குள்ள அடைங்க. சின்ன ஃபங்ஷன்ல இ.எஸ்-ஸ புஷ் பண்ணி பாப் பண்ற பழக்கம் இருந்தா, ஒவ்வொரு காலுக்கும் பாப்புக்கு மட்டுமே 20 கிளாக் போகுது, கூப்பிடுற இடத்துலயே ஒரு தடவ பண்ணிக்கலாம். டாஸ் காலத்து பழக்கத்துல இ.எஸ்-ஸ தற்காலிகமா நம்பர் போட்டு வைக்க பயன்படுத்துனீங்கன்னா, அது பெரும்பாலும் செல்லாத செலக்டரா போயி எக்செப்ஷன் 13தான் (பாதுகாப்பு மீறல் எரர்) வரும்.