சொகுசுக் கப்பல் பயணம்: கட்டணம் தேர்ந்தெடுப்பதில் செட்டிநாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் மணிவிழா முடிந்த கையோடு பெற்றோரைக் கப்பலில் அனுப்பிவைக்கும் பேச்சு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. உள்நாடு என்றால் கார்டிலியா நிறுவனத்தின் கப்பல். வெளிநாடு என்றால் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று நான்கு இரவுப் பயணம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதும், பினாங்கில் இறங்கினால் தண்ணீர்மலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகலாம் என்பதும் இந்தப் பயணத்தை நம் பக்கத்தாருக்கு இன்னும் நெருக்கமாக்குகின்றன.

ஆனால் விசாரணை "ஆளுக்கு எவ்வளவு?" என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது. ரஜுலா கப்பலில் டெக் டிக்கெட் எடுத்து மலாயாவுக்குப் போன தலைமுறைக்கு மலிவு டிக்கெட் என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைய கட்டணங்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே மாதிரி அறை. அதற்கே இரண்டு மூன்று விலை இருக்கும். வித்தியாசம் முழுவதும் நிபந்தனைப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

விலை குறையும்போது நம் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: அறையை நாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, ரத்து செய்தால் பணம் திரும்பும் வாய்ப்பு, டிப்ஸ், இணையம் போன்றவை கட்டணத்திலேயே அடங்கியிருக்கும் வசதி. இவற்றில் எதை விடலாம் என்பதைப் பயணம் செய்பவர் யார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களை அழைத்துப்போகிற குடும்பம் முதல் இரண்டையும் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறை எண் இல்லாத டிக்கெட்

கப்பல் நிறுவனங்கள் 'கியாரண்டி' என்று ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. பெயரைக் கேட்டால் ஏதோ கூடுதல் உறுதி தருவதுபோல் இருக்கும். உறுதி அறையின் வகைக்கு மட்டும்தான். உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று வகையை நீங்கள் சொல்லலாம். எந்தத் தளம், எந்த எண் என்பதை நிறுவனம் பிறகு தன் வசதிப்படி ஒதுக்கும். சில சமயம் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் எண் தெரியும். எம்எஸ்சி நிறுவனத்தில் 'பெல்லா' என்ற அடிப்படைக் கட்டணமும் இந்த ரகம்தான். அதற்கு அடுத்த 'ஃபான்டாஸ்டிகா'வில்தான் அறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி வருகிறது.

இளம் தம்பதி இருவர் போகிறார்கள் என்றால் கியாரண்டி நல்ல பேரம். சில நேரம் மேல் வகை அறைகூடக் கிடைக்கும். ஆனால் மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பம் இதை எடுத்தால், அப்பத்தா ஐந்தாம் தளத்தில் கப்பலின் முன்கோடியிலும், மகன் குடும்பம் பத்தாம் தளத்தில் பின்கோடியிலும் இருக்க நேரிடலாம். முந்நூறு மீட்டர் நீளமுள்ள கப்பலில் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அலையாட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளங்களின் நடுப்பகுதியில். அந்த இடத்தை அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கட்டணத்தில்தான் கேட்டு வாங்க முடியும். வாங்கும்போது தளப் படத்தைத் திறந்து, அந்த அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நாடக அரங்குக்கு மேலே அறை எடுத்தால் இரவு வெகுநேரம் தூக்கம் வராது. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம்தான் அமைதியானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்தக் குறைவைப் பார்த்து நான்கு பேரை ஒரே அறையில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடுதல் படுக்கைகள் பல கப்பல்களில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படுபவை. ரயில் அப்பர் பெர்த் போல ஏணி வைத்து ஏற வேண்டும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், மூட்டுவலிக்காரருக்கு வேதனை. சக்கர நாற்காலி நுழையக்கூடிய அறைகள் கப்பலில் மிகக் குறைவு. கியாரண்டியில் அவை தானாக வந்து விழாது. முன்கூட்டியே சொல்லித்தான் பிடிக்க வேண்டும்.

தனியாகப் போகிறவர்களும் ஏமாறுவது உண்டு. விளம்பரத்தில் இருக்கும் 'ஆளுக்கு' விலை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. ஒருவராகப் போனால் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே கேட்கும் கப்பல்கள்தான் அதிகம்.

பங்காளி வீட்டுத் துக்கமும் இன்சூரன்ஸ் பாலிசியும்

ரத்து நிபந்தனையை நம் ஊர் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. மலிவான கட்டணங்களில் பலவற்றுக்கு முன்பணம் திரும்பாது. தேதியை மாற்றினாலும் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். முன்பணம் திரும்பும் கட்டணம் சற்று அதிகம்தான். அதிலும்கூட முழுத்தொகை கட்ட வேண்டிய கெடு, பெரும்பாலும் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன் வந்துவிடும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்க வெட்டு கூடிக்கொண்டே போய், கடைசி இரண்டு வாரத்தில் ஒன்றுமே மிஞ்சாத நிலை வரும்.

"இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோமே" என்று சொல்பவர்கள் பாலிசியில் 'உடனடிக் குடும்பம்' என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். சில பாலிசிகளில் மாமனார் மாமியார். அதோடு சரி. பங்காளி வீட்டில் ஒரு துக்கம் விழுந்தால் நாம் பயணத்தை நிறுத்திவிடுவோம். பாலிசிக்கு அந்த உறவே தெரியாது. சித்தப்பா, பெரியப்பா இறந்ததற்காக ரத்து செய்ததாக எழுதினால் பணம் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். கூட்டுக் குடும்பத்தின் சடங்குகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் வீட்டுக்கு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் முன்பணம் திரும்பும் கட்டணமே பாதுகாப்பு. பிள்ளையார் நோன்பு, படைப்பு, நிச்சயமாகாத முகூர்த்தத் தேதி என்று வீட்டு நாட்காட்டி நிறைந்திருக்கும் மாதங்களில் இது இன்னும் முக்கியம்.

அதற்காக இன்சூரன்ஸ் வேண்டாம் என்று பொருளல்ல. கப்பலில் மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு மிகக் கூடுதல். நடுக்கடலில் உடல்நிலை மோசமாகிக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அது லட்சங்களில் போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை எதையும் மறைக்காமல் எழுதிப் பாலிசி எடுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

ஐந்தொகை போடாமல் ஒப்பிடுவது

வட்டிக்கடைக் கணக்கில் ஐந்தொகை (வரவு-செலவு இருப்புக் கணக்கு) சரியாக வராமல் உறங்கப் போகாத ஊர் இது. கப்பல் கட்டணத்துக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். கணக்கு எப்படி ஏறுகிறது என்பதைக் காட்ட மட்டும் ஓர் உதாரணம்: நான்கு இரவு, இருவர், விளம்பர விலை ஆளுக்கு 400 டாலர் என்று வையுங்கள். அடிப்படை 800. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 120 என்றால் 240. ஊழியர்களுக்கான டிப்ஸ் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 18 டாலர் வீதம் 144; பல நிறுவனங்கள் இதைத் தானாகவே உங்கள் பில்லில் ஏற்றிவிடும். ஒரு போனுக்கு இணையம் 80. மொத்தம் 1,264 டாலர். 800 என்று நினைத்துப் புறப்பட்டவருக்கு இது பாதிக்கு மேல் கூடுதல்.

இப்போது அதே கப்பலில் டிப்ஸ், இணையம், மதுபானம் சேர்ந்த கட்டணம் ஆளுக்கு 150 டாலர் அதிகம் என்றால், வரியோடு 1,340 வருகிறது. குடிக்காத தம்பதிக்கு அது 76 டாலர் நஷ்டம். குடிப்பவருக்கு லாபம். பிரின்சஸ் நிறுவனத்தின் 'பிளஸ்', 'பிரீமியர்' கட்டணங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. மதுபானத்தைத் தனிப் பேக்கேஜாக வாங்கும்போது, ஓர் அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. மாமா வாங்கினால் அத்தைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

'குழந்தைகளுக்கு இலவசம்', 'இரண்டாவது ஆளுக்குப் பாதி' என்ற அறிவிப்புகளிலும் துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்குத் தலை உண்டு. தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு கப்பலின் இறுதித் தொகையை இன்னொரு கப்பலின் இறுதித் தொகையோடு வைத்துப் பாருங்கள். இந்திய முகவர் வழியாக வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அதன் வீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வருமான வரித் துறையின் கணக்கில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் பெயரில், யார் கையால்

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி புக் செய்துகொடுத்தால் மலிவு என்று பலர் நம்புகிறார்கள். அங்கே வசிப்பவர்களுக்கென்று சலுகைக் கட்டணம் வருவது உண்மைதான். ஆனால் அந்த அறையில் ஒருவராவது அங்கே வசிப்பவர் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். தம்பி உடன் வராத பயணத்துக்கு அந்தக் கட்டணத்தை எடுத்தால், ஏறும் இடத்தில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லலாம். தவிர, யார் வழியாகப் புக் செய்கிறோமோ அவர் வழியாகத்தான் மாற்றமும் ரத்தும். முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டைப் பற்றி நேரடியாகக் கேட்டால், முகவரிடமே பேசுங்கள் என்று நிறுவனம் சொல்லிவிடும்.

நல்ல முகவர் கிடைத்தால் விட வேண்டாம். எட்டுப் பத்து அறை எடுக்கும் குடும்பக் கூட்டத்துக்குக் குழுக் கட்டணமும் அடுத்தடுத்த அறைகளும் வாங்கித்தர அவரால் முடியும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி விலையை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். கட்டணத்தின் பெயர், முன்பணம் திரும்புமா, முழுத்தொகைக்கான கெடு, எவை சேர்ந்தவை என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முழுத்தொகை கட்டும் கெடுவுக்கு முன் விலை இறங்கினால், சில கட்டணங்களில் புது விலைக்கு மாற்றித் தருவார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

பெயரில் நம் பக்கத்தாருக்குத் தனிச் சிக்கல் உண்டு. பத்திரத்தில் 'அரு. சித. ராம.' என்று மூன்று நான்கு முன்னெழுத்து, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். மெய்யப்பன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு ஆவணத்தில் இரண்டு 'ஒய்' போட்டும் இன்னொன்றில் 'ஐ' போட்டும் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டுக் கப்பலுக்கும் விமானத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்பிப் புக் செய்யச் சொல்வதே நல்லது. போனில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட் பயண முடிவிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவை. கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தைக் கப்பல் புறப்படும் நாளன்றே வைப்பதும் தவறு. திருச்சியில் இரண்டு மணி நேரம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. எந்தக் கட்டணம் எடுத்திருந்தாலும் அந்த டிக்கெட் பணம் திரும்பாது. முந்தின நாளே போய்விடுங்கள்.

தண்ணீர்மலைக்காகவே போகிறவர்களுக்கு

எந்தக் கட்டணம் எடுத்தாலும், இத்தனை மணிக்கு இந்தத் துறைமுகத்தில் நிற்போம் என்று எந்த நிறுவனமும் உறுதி தருவதில்லை. வானிலை, துறைமுக நெருக்கடி காரணமாக ஓர் ஊரை விட்டுவிட்டுப் போகும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். விட்டுப்போன ஊரின் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரலாம். புக்கெட் போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டாமல் நடுவில் நின்று, சிறு படகில் ஆட்களை இறக்குவதும் உண்டு. கடல் ஆடும்போது பெரியவர்கள் அதில் கால் வைப்பது எளிதல்ல.

பினாங்கில் பெரும்பாலும் துறையிலேயே நேராக இறங்கலாம். ஆனால் நேர்த்திக்கடனுக்காகவோ தைப்பூசத்துக்காகவோ போகிறவர்கள் கப்பலின் சில மணி நேர நிறுத்தத்தை நம்ப வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே இரண்டு நாள் தங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு, கப்பல் பயணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.