கிம்பில் சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு: படத்தை உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்புவது எப்படி

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை முதல்முறை திறக்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். படத்தைத் திறந்தாச்சு, ஓரத்தை வெட்டியாச்சு, வெளிச்சம் கூட்டியாச்சு, வழக்கம்போல கன்ட்ரோல் எஸ் அடித்தால் ஏதோ எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகை) என்ற பெயரில் சேமிக்கவா என்று கேட்கிறது. பிடிவாதமாகப் பெயருக்குப் பின்னால் .jpg என்று போட்டாலும் அது இங்கே நடக்காது, எக்ஸ்போர்ட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்புகிறது. 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் சேவ் கொடுத்தாலே ஜேபிஜி ஆகிவிடும். மாற்றியபோது திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது, மாற்றியது சரிதான் என்கிற கட்சிக்கு வந்துவிட்டேன்.

காரணம் ஒரு காதுகுத்து பத்திரிகை. அக்கா மகளுக்காக நானே உட்கார்ந்து செய்தேன்: பின்னணிப் படம் ஒரு லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அடுக்கு), குழந்தை போட்டோ ஒரு லேயர், எழுத்துகள் நாலைந்து லேயர். முடித்து ஜேபிஜியாக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, கிம்ப்பை மூடும்போது கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் சேமிக்க வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மாமா போன்: "நேரம் பத்தரைன்னு போட்டிருக்கே, ஒன்பதரை தானேப்பா?" கையில் இருந்தது ஜேபிஜி மட்டும். எழுத்தும் பின்னணியும் ஒன்றாக ஒட்டிப்போன படத்தில் ஒரு எண்ணை மட்டும் எப்படி மாற்றுவது? முழுவதையும் முதலிலிருந்து செய்தேன்.

எக்ஸ்சிஎஃப் என்பது மாவு, ஜேபிஜி என்பது சுட்ட தோசை. மாவு இருந்தால் தோசையும் ஊற்றலாம், ஊத்தப்பமும் ஊற்றலாம். தோசையைக் கரைத்து மாவாக்க முடியாது. கிம்ப்பில் சேவ் என்றால் மாவை ஃப்ரிட்ஜில் வைப்பது, எக்ஸ்போர்ட் என்றால் தோசையைப் பார்சல் கட்டுவது. இது மட்டும் மனதில் உட்கார்ந்தால் மீதி எல்லாம் எந்தப் பட்டனை எப்போது அமுக்குவது என்பதுதான்.

இங்கே சொல்வது 2.10-க்கும், 2025 மார்ச்சில் வந்த 3.0-க்கும் பொருந்தும். பெட்டிகளின் தோற்றம் கொஞ்சம் மாறியிருக்கும், வேலை அதேதான்.

உள்ளே கொண்டுவருவது

முதலில் படம் கணினிக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ சுருங்கித்தான் வரும். அதையே டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் போனில் இருந்தபடியே வந்து சேரும். யுஎஸ்பி கேபிளில் எடுக்கிறீர்கள் என்றால் போன் திரையில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தட்டிவிட்டு, படத்தைக் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு காப்பி செய்த பிறகே திறங்கள். போனுக்குள் இருக்கும்போதே நேராகத் திறந்து வேலை செய்தால், நடுவில் கேபிள் ஆடினாலே தலைவலி.

அப்புறம் ஃபைல் மெனுவில் ஓப்பன், அல்லது கன்ட்ரோல் ஓ. ஜேபிஜி, பிஎன்ஜி, டிஃப், வெப்பி எல்லாம் நேராகத் திறக்கும். ஐபோனில் இருந்து வரும் ஹெயிக் கோப்புகளும் 2.10 வரிசையில் திறக்கும். பெரிய கேமராவின் ரா கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படம்) மட்டும் டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற மென்பொருளைக் கூடவே நிறுவியிருக்க வேண்டும், அவற்றின் வழியாகத்தான் கிம்ப்புக்குள் வரும்.

திறக்கும்போது சில நேரம் இரண்டு கேள்விகள் வரும், புதியவர்கள் இதில்தான் பயந்துவிடுகிறார்கள். ஒன்று, படத்தைத் திருப்பட்டுமா என்பது. போனைப் படுக்க வைத்து எடுத்தீர்களா, நிமிர்த்தி எடுத்தீர்களா என்ற குறிப்பு படத்துக்குள் இருக்கும். ரொட்டேட் கொடுத்துவிடுங்கள், தலைகீழாக வராது. இன்னொன்று, படத்தோடு வந்த வண்ண ப்ரொஃபைலை (நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) வைத்துக்கொள்ளவா, மாற்றவா என்பது. வெப்சைட்டில் ஏற்றுவதற்கும் போனில் பார்ப்பதற்கும் என்றால் கன்வெர்ட் கொடுத்தால் போதும், அது எஸ்ஆர்ஜிபி-க்கு, அதாவது திரைகளுக்கான பொதுவான வண்ண அளவுகோலுக்கு, மாற்றிவிடும். எது கொடுத்தாலும் படம் கெட்டுப்போகாது.

ஏற்கெனவே ஒரு படம் திறந்திருக்கிறது, அதன் மேலே இன்னொன்றை வைக்க வேண்டும் (பத்திரிகையில் குழந்தை போட்டோ மாதிரி) என்றால் ஓப்பன் போகாதீர்கள், அது தனிப் படமாகத் திறந்துகொள்ளும். ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் என்று அதற்குக் கீழேயே இருக்கிறது, கன்ட்ரோல் ஆல்ட் ஓ. ஃபோல்டரில் இருந்து இழுத்துவந்து படத்தின் மேலேயே விட்டாலும் லேயராக வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்த படம் பூதாகரமாக இருந்தால், அந்த லேயரை மட்டும் சுருக்க ஸ்கேல் டூல் எடுங்கள். இமேஜ் மெனுவில் இருக்கும் ஸ்கேல் இமேஜ் எல்லா லேயரையும் சேர்த்துச் சுருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிடிஎஃப் திறந்தால் எந்தப் பக்கங்கள் வேண்டும், ரெசல்யூஷன் எவ்வளவு என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் 100 என்று இருந்தால் 300 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் சான்றிதழில் உள்ள எழுத்தெல்லாம் கொசகொசவென்று வரும், அப்புறம் எவ்வளவு கூர்மையாக்கினாலும் தெளியாது.

திறந்த கையோடு, ஒரு வெட்டு வெட்டுவதற்கு முன்னால், கன்ட்ரோல் எஸ் அடித்து எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். மாவு முதலில்.

ஒரு படத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

எனக்கு அதிகம் வரும் வேலை தேர்வு விண்ணப்பப் போட்டோ என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்குப் போட்டோ 200 × 230 பிக்சல், கோப்பு 20 முதல் 50 கேபிக்குள். கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபிக்குள். வேறு தேர்வுக்கு வேறு அளவு இருக்கும், அறிவிப்பைப் பார்த்து எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தைத் திறந்து எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்த பிறகு, ஷிஃப்ட் சி அடித்து வெட்டும் கருவியை எடுங்கள். கீழே அதன் அமைப்புகளில் ஃபிக்ஸ்ட் என்பதை டிக் செய்து, பக்கத்தில் ஆஸ்பெக்ட் ரேஷியோ தேர்ந்தெடுத்து, பெட்டியில் 200:230 என்று எழுதுங்கள். இப்போது சட்டத்தை எப்படி இழுத்தாலும் அந்த விகிதத்தில்தான் நிற்கும். முகமும் தோளும் வருகிற மாதிரி வைத்து என்டர். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக அளவை மாற்றுகிறவர்களின் போட்டோதான் ஹால் டிக்கெட்டில் நசுங்கிய முகத்தோடு வருகிறது.

அடுத்து இமேஜ் மெனு, ஸ்கேல் இமேஜ். அகலத்தில் 200 என்று எழுதினால் உயரம் தானாக 230 ஆகும், ஒன்று கூடக்குறைய வந்தால் இரண்டு பெட்டிக்கும் பக்கத்தில் உள்ள சங்கிலி ஐகானைக் கிளிக் செய்து கழற்றிவிட்டுக் கையால் எழுதுங்கள். அதே பெட்டியில் ரெசல்யூஷன் என்று 72, 300 ஏதாவது இருக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அது பிரிண்டருக்குச் சொல்லும் குறிப்பு, ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சலை நெருக்குவது என்று. திரையில் பார்ப்பதற்கு அந்த எண்ணால் ஒரு மாற்றமும் இல்லை.

இப்போது ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், கன்ட்ரோல் ஷிஃப்ட் இ. பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஜேபிஜி என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். என்ன எழுதுகிறீர்களோ அதை வைத்துத்தான் எந்த வகைக் கோப்பு என்று கிம்ப் முடிவு செய்கிறது. சிலர் பிஎன்ஜி கோப்பை ஃபோல்டரிலேயே பெயர் மாற்றி ஜேபிஜி என்று போட்டுவிட்டு வெப்சைட் வாங்க மாட்டேன் என்கிறது என்பார்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானா? கோப்பு உள்ளுக்குள் பிஎன்ஜியாகவேதான் இருக்கும்.

எக்ஸ்போர்ட் அமுக்கியதும் குவாலிட்டி என்று ஒரு ஸ்லைடர் வரும். பக்கத்தில் பிரிவியூ காட்டும் டிக் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கோப்பு எத்தனை கேபி வரும் என்று அங்கேயே தெரியும். இது தெரியாமல், எக்ஸ்போர்ட் செய்து, ஃபோல்டரில் போய்ப் பார்த்து, திரும்ப வந்து குறைத்து என்று அல்லாடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்லைடரை நகர்த்த நகர்த்த எண் மாறும். கோப்பு பெரிதாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் 200 × 230 என்பது சின்னப் படம், வெறும் பின்னணி வேறு, 85-ல் வைத்தால் 20 கேபிக்குக் கீழேயே போய்விடலாம். அப்போதும் விண்ணப்பம் ஏற்காது. 95-க்கு மேலே தள்ளிப் பாருங்கள், முப்பது நாற்பது கேபியில் நிறுத்தலாம்.

அதே பெட்டியில் எக்ஸிஃப் தகவலைச் சேமிப்பதா என்று ஒரு டிக் இருக்கும். போனில் எடுத்த படத்தில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதுகூட அதில் இருக்கலாம். வீட்டில் குழந்தையை எடுத்த படத்தைப் பொதுவில் போடப்போகிறீர்கள் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுவது நல்லது.

கையெழுத்துக்கும் இதே வழிதான், கூட ஒரே ஒரு வேலை. வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் போட்டு, போனில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் தாள் சாம்பலாகவோ மஞ்சளாகவோ தெரியும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, வெள்ளைப் புள்ளியை எடுக்கும் சொட்டுக்குழாயைத் தேர்ந்தெடுத்து, தாளில் காலியான இடத்தில் ஒரு கிளிக். தாள் பளிச்சென்று வெளுத்துவிடும். அப்புறம் 140:60 என்று வெட்டி மேலே சொன்ன மாதிரியே.

எதை எந்த வகையில் அனுப்புவது

போட்டோ என்றால் ஜேபிஜி. எழுத்து, லோகோ, ஸ்க்ரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி. ஜேபிஜி படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகிறது. வானத்துக்கும் முகத்துக்கும் அது சரி, ஆனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்புத் தமிழ் எழுத்து இருந்தால் சுழி வளைவுகளைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள் வரும். பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். ஜேபிஜியைத் திறந்து பார்ப்பதால் ஒன்றும் குறையாது. திறந்து, திருத்தி, மறுபடி ஜேபிஜியாக்கி, மறுபடி திறந்து என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கழியும்.

பின்னணி இல்லாத லோகோவை ஜேபிஜியாக அனுப்பினால், காலியாக இருந்த இடமெல்லாம் கிம்ப்பில் அப்போது வைத்திருக்கும் பின்னணி நிறத்தால் நிரம்பிவிடும். ஜேபிஜிக்கு ஒளிபுகும் தன்மை என்று ஒன்று கிடையாது. பிஎன்ஜியில் அது அப்படியே இருக்கும். பிஎன்ஜி பெட்டியில் கம்ப்ரெஷன் 9 என்று இருப்பதைப் பார்த்துத் தரம் போய்விடும் என்று குறைக்காதீர்கள், அது கோப்பின் அளவை மட்டும்தான் தொடும்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட என்றால் பிக்சல் கணக்கு வேண்டும். 4 × 6 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 வீதம் 1200 × 1800 பிக்சல். 35 × 45 மில்லிமீட்டர் போட்டோவுக்கு 413 × 531. படத்தில் அவ்வளவு பிக்சல் இல்லையென்றால் ஸ்கேல் இமேஜில் எண்ணைப் பெரிதாக்கி ஏமாற்ற முடியாது, மங்கலான படம் பெரிய மங்கலாகும், அவ்வளவுதான்.

ஸ்கேன் செய்த நாலைந்து சான்றிதழ் பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டுமா? எல்லாவற்றையும் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் வழியாக ஒரே படத்துக்குள் கொண்டுவந்து, எக்ஸ்போர்ட் பெயரில் பிடிஎஃப் போட்டால், லேயர்களைப் பக்கங்களாக்கும் டிக் ஒன்று இருக்கும். பக்க வரிசை தலைகீழாக வந்தால் திருப்பிப் போடும் வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜேபிஜியோ பிஎன்ஜியோ, கண் ஐகான் எரிகிற லேயர்கள் மட்டும்தான் வெளியே போகும். ஒரு முறை அணைத்து வைத்த பெயர் லேயரை மறந்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் பெயரில்லாத பத்திரிகைதான் வரும்.

இரண்டு எச்சரிக்கை

ஜேபிஜியைத் திறந்து வேலை செய்யும்போது ஃபைல் மெனுவில் ஓவர்ரைட் என்று ஒன்று காட்டும். அது அசல் போட்டோவின் மேலேயே எழுதிவிடும். 200 × 230 ஆகச் சுருக்கிய பிறகு அதை அமுக்கினால் உங்கள் பெரிய போட்டோ போயே போச்சு. எப்போதும் எக்ஸ்போர்ட் ஆஸ் போய், வேறு பெயர் கொடுங்கள்.

இன்னொன்று மூடும்போது. ஜேபிஜி எடுத்தாச்சு, ஆனாலும் சேமிக்கவில்லையே என்று கிம்ப் கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். விண்ணப்பப் போட்டோ மாதிரி ஒரே லேயர் வேலை, அசலும் பத்திரமாக இருக்கிறது என்றால் சேமிக்காமலே மூடிவிடலாம். எழுத்து லேயர் ஒன்று இருந்தாலும் சேமித்துவிட்டு மூடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மாமா போன் செய்வார்.