நாலு மணிக்கு நின்ற வாட்ச்: உறங்கிப்போன பிராண்டைக் கலையோடு எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தயாரிப்பு நின்று பல வருடங்களான ஒரு வாட்ச் பெயரை முறைப்படி எழுதி வாங்கினோம். முதல் மாடலுக்கு, பழங்காலக் கண்ணாடி மணிகளுக்குப் பேர்போன அரிக்கமேடுதான் எங்கள் மனதில் இருந்தது. எண்களுக்குப் பதிலாக டயலைச் சுற்றிப் பன்னிரண்டு சின்னக் கண்ணாடி மணிகள். பதினொன்று நீலம், நாலாம் இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு. கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும்போது கண் எடுக்க முடியாது, அவ்வளவு அழகு. மாதிரிக்கு இருபது வாட்ச் செய்தோம். அதில் ஏழு வாட்ச் சொல்லிவைத்தாற்போல நாலு மணிக்கு நின்றன. மெஷினை மாற்றினோம். மறுபடியும் நாலு மணிக்கே நின்றன.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், நாற்பது வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவிடம் ஒன்றை எடுத்துப்போனேன். ஐகிளாஸை மாட்டிக்கொண்டு, வாட்சைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, முள்ளு ஓடுற வழியில கல்ல வெச்சிட்டீங்களேப்பா" என்றார். சிவப்பு மணிகளை வேறு ஒருவரிடம் வாங்கியிருந்தோம். அவை நீலத்தைவிட மயிரிழை தடிமன். மூன்று முட்களில் சின்ன முள்தான் எல்லாவற்றுக்கும் அடியில், டயலை ஒட்டி நகர்வது. அது மணியில் முட்டி நின்றிருக்கிறது.

இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். படத்திலிருந்து தொடங்குகிறோம். ரிப்பேர்க்காரரின் மேசையிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றில் உட்காரும் டயல் சுமார் 28.5 மில்லிமீட்டர் அகலம், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் நடுவில் துளை, ஓரத்தில் நிமிடக் கோடுகள், மூன்று மணிப் பக்கம் தேதி ஜன்னல். மீதி இருக்கும் இடத்தில்தான் உங்கள் கலை. அதன் மேலும் முட்கள் நாளெல்லாம் குறுக்கே போய்க்கொண்டிருக்கும். சிதம்பரம் கோபுரத்தில் இருக்கும் 108 கரணங்களையும், அதாவது நடன நிலைச் சிற்பங்களையும், டயலில் அச்சடிக்கலாம் என்று ஒரு நண்பர் வந்தார். அச்சடிக்கலாம்தான், ஆனால் கைக்கு வரும்போது அது சிற்பமாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும். 108-ல் ஒரே ஒரு கரணத்தின் கை வளைவை எடுத்து, அதை முள்ளின் வடிவமாக்க முடியுமா என்று யோசித்தால் வேலை அங்கே தொடங்குகிறது.

ஜெர்மனியின் லாங்கே வாட்ச் நிறுவனத்தின் கதையை இதற்காகவே நான் அடிக்கடி சொல்வேன். 1948-ல் அரசுடைமையாகி, பெயரே இல்லாமல் போன நிறுவனம் அது. நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990 டிசம்பர் 7 அன்று அதை மறுபடி பதிவு செய்தார். முதல் வாட்ச்களைக் காட்டியது 1994 அக்டோபர் 24-ல். கிட்டத்தட்ட நான்கு வருடம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த வாட்சின் பெரிய இரட்டை இலக்கத் தேதி, டிரெஸ்டன் நகர ஓபரா அரங்கின் மேடைக்கு மேலே இருக்கும் கடிகாரத்திலிருந்து வந்தது. அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் நிறுவனரின் குரு, மாமனாரும் அவரே. அரங்கின் படத்தை டயலில் வரையவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடிகாரம் நேரத்தைக் காட்டும் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1947-ல் நேதன் ஜார்ஜ் ஹார்விட் என்ற வடிவமைப்பாளர் செய்த டயல் இன்னும் சிக்கனம். வெறும் கறுப்பு, பன்னிரண்டின் இடத்தில் ஒரே ஒரு புள்ளி, அதுவே உச்சிவெயில் சூரியன். மொவாடோ என்ற வாட்ச் பிராண்டின் பெயர் இன்றும் அந்தப் புள்ளியோடு ஒட்டியிருக்கிறது. படமே வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 1986-ல் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் ஸ்வாட்ச் பிராண்டுக்கு வரைந்தபோது உருவங்கள் டயலோடு நிற்காமல் ஸ்ட்ராப்பிலும் ஓடின. இடம் போதவில்லை என்றால் ஸ்ட்ராப் இருக்கிறது, பின்மூடி இருக்கிறது, பெட்டி இருக்கிறது.

உறங்கும் பிராண்டைக் கேட்பாரற்ற சொத்து என்று நினைப்பது இன்னொரு தவறு. பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். வணிகக் குறிப் (டிரேட்மார்க்) பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி கேட்கலாம் என்கிறது 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 47-ம் பிரிவு. கேட்கலாம், அவ்வளவுதான். அது தானாக நீங்கிவிடாது. யாராவது மனுப்போட்டு, பயன்பாடு இல்லை என்று வாதாடி ஜெயிக்க வேண்டும். அதனால் பெட்டி அச்சடிக்கும் முன்பே 14-ம் வகுப்பில் தேடிப் பாருங்கள், கடிகாரங்கள் வருவது அந்த வகுப்பில். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் சென்னைப் பதிவகம்தான். கடை மூடியதும் பெயர் செத்துவிடுவதில்லை என்பதற்கு ஹெச்.எம்.டி.யைவிட வேறு சாட்சி வேண்டாம். 1961-ல் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இன்றும் அந்தப் பெயரில் வாட்ச் விற்கிறது. மாமனார் போட்ட ஹெச்.எம்.டி.யை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் வீடுகள் மஞ்சக்குப்பத்தில் எத்தனையோ.

பெயரை வாங்கினால் வயதும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. பிளாங்பெய்ன் என்ற சுவிஸ் பிராண்ட் 1735-ம் வருடத்தைச் சொல்லி எண்பதுகளில் எழுந்தபோது, 'குவார்ட்ஸ் வாட்ச் நாங்கள் செய்ததே இல்லை' என்ற வாசகம் எடுபட்டது. அது பொய்யில்லாத வாசகம் என்பதாலும் எடுபட்டது. இடையில் வருடக்கணக்கில் உற்பத்தி இல்லை என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. 'இந்த ஆண்டு தொடங்கி, இந்த ஆண்டு நின்று, இந்த ஆண்டு நாங்கள் எடுத்தோம்' என்று மூன்று ஆண்டுகளையும் எங்கள் உத்தரவாதச் சீட்டில் போட்டோம். பழைய வாட்ச் வைத்திருக்கும் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் எங்களிடம் பேசவே தொடங்கினார்கள்.

தமிழ் எண்கள் போட்ட டயலுக்கு இங்கே ஆசை அதிகம். எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சுழியைப் போட்டுப் பத்து என்று அச்சடித்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய முறையில் பத்துக்குத் தனிக் குறி உண்டு: ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. இதில் தப்பினால் தமிழ் வாத்தியார் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் உங்கள் முழு உழைப்பும் போச்சு. இன்னொன்று, ௭ 'எ' போலவும் ௮ 'அ' போலவும் இருக்கும். எண்களை மையத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் கீழ்ப்பாதியில் ௫, ௬, ௭ மூன்றும் தலைகீழாகி, படிக்கவே வராது. எல்லா எண்ணையும் நிமிர்த்தியே வையுங்கள். பதினொன்றும் பன்னிரண்டும் இரண்டு எழுத்து அகலம் பிடிக்கும். அதற்கு ஏற்ற மாதிரி பிராண்ட் பெயரைக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

கடற்கரை ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. பித்தளைக் கேஸில் முலாம் பூசியது மலிவு, ஆனால் நம் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் ஓரங்களில் சீக்கிரமே பல் இளிக்கும். 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு செலவு செய்யுங்கள். டயல் மையை வெயிலில் வைத்துப் பாருங்கள். மாதிரியை ஏசி அறையில் வைத்து அழகு பார்க்காமல், சித்திரை வைகாசி முழுக்க ஆட்டோ ஓட்டுகிறவர் கையிலும், தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கிறவர் கையிலும் கட்டிவிடுங்கள். '30 மீட்டர்' என்று பின்மூடியில் போட்டால் அதை நம்பிக் கடலில் இறங்குகிறவர் உண்டு. அந்த அளவு கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் தாங்கும். கடையிலேயே வாயால் சொல்லிவிட வேண்டும்.

ஓவியரிடம் செய்யும் தவறு எனக்கு மனசு பொறுக்காதது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்த பிள்ளைகளிடம் ஒரு தொகையைக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் படத்தை வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆறாவது வருடம் அதே டயலைப் போட்டாலோ, பாரிஸில் இருக்கும் நம் ஊர்க்காரருக்கு விற்றாலோ சிக்கல்தான். வரைந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, படத்தை எழுதிக் கொடுத்த பிறகும் அவரிடமே இருக்கும். எங்கள் பின்மூடியில் ஓவியரின் கையெழுத்தையே பொறித்தோம். டயலில் பிராண்ட் பெயர், பின்னால் அவர் பெயர்.

இதைவிட நுட்பமான ஒரு கண்ணி அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவில் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50-க்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதன் பதிப்புரிமை போய்விடும். முந்நூறு வாட்ச் போடுகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். சரி, பதிவு செய்யலாம் என்று போனால் வடிவம் அதுவரை வெளியாகாததாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே ஆர்வத்தில் இன்ஸ்டாகிராமில் போட்டவர்களுக்கு அந்த வழியும் அடைபடுகிறது. முதலில் விண்ணப்பம், பிறகு போட்டோ. பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

ஓவியர் இறந்து 60 ஆண்டு தாண்டியிருந்தால் படைப்பு பொதுச் சொத்து. ஆனால் அதை ஒருவர் எடுத்த போட்டோவுக்குத் தனி உரிமை இருக்கலாம்.

வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அவற்றின் சாயலில் ஒரு பூவை அச்சடித்துவிட்டு 'திருக்கனூர் டயல்' என்று பெயர் வைத்தால் சட்டத்துக்கும் ஆகாது, அந்தக் கைகளுக்குச் செய்யும் நியாயமும் ஆகாது. நாங்கள் வாட்ச் பெட்டியைத் திருக்கனூரிலேயே செய்யச் சொன்னோம். அந்தக் கலைக்குப் பொருத்தமான இடம் பெட்டிதான். டயலுக்கு அது ஒத்துவராது, ஈரம் வாங்கும்.

மெஷினைப் பற்றி ஒன்று. பழைய பிராண்ட் என்பதால் பழைய ஸ்டாக் மெஷினையே போட வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரம் உடைந்தால் எங்கே போவது? கடலூரிலும் விழுப்புரத்திலும் இருக்கும் ரிப்பேர்க்காரர் திறந்து, பார்ட்ஸ் வாங்கி, மூடக்கூடிய மெஷினைப் போடுங்கள். டயலையும் முள்ளையும் மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் அவற்றை ஆரம்பத்திலேயே கூடுதலாக அடித்து வையுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து யாரோ வேறு பெயின்ட் அடித்து, உங்கள் ஓவியரின் கோட்டைத் தன் கோடாக்கி விற்பார்கள். பழைய ஹெச்.எம்.டி.களுக்கு நடந்தது அதுதான். டயல் மாற்றி எழுதியவை சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன.

எங்கள் மணிகளை டயலிலிருந்து எடுத்து, கண்ணாடிக்கு அடியில் டயலைச் சுற்றி ஓடும் உள்வளையத்தில் பதித்தோம். எந்த முள்ளும் அங்கே எட்டாது. நாலாம் இடத்தில் சிவப்பு இன்னும் இருக்கிறது. முந்நூறு வாட்சுக்கு முந்நூற்று அறுபது டயல் அடித்தோம். மிச்சம் அறுபதும் பெரியப்பா கடையில், டிஷ்யூ தாள் சுற்றி, ஒரு பழைய மருந்து டப்பாவில் இருக்கின்றன. மூடி மேல் அவரே பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்: "பாண்டி பசங்க டயல். விக்க இல்ல."