பங்க் ராக்கை மறுபடி கேட்க ஒரு வழி
1970களில் கோபமும் வேகமுமாக வெடித்த ராக் இசையான பங்க் ராக்கைத் தேடிக் கேட்கப் போகிறீர்களா? ஒரு பாட்டை அதன் மூலத்தோடு சேர்த்துக் கேட்டுத் தொடங்குங்கள். முதலில் ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் 1976இல் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. மெல்லிய உச்சக்குரல், ஜமைக்காவின் ரெகே இசைக்கே உரிய நிதானமான தாளம். அப்புறம், லண்டன் பங்க் குழுவான தி கிளாஷ் 1977இல் தங்கள் முதல் ஆல்பத்தில் பாடியது. அதே பாட்டுதான், ஆனால் கிட்டார் அறுத்துக்கொண்டு போகும். ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன் தெருவின் கோபம் லண்டனில் எப்படிப் பற்றிக்கொண்டது என்பது காதிலேயே புரிந்துவிடும்.

பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தலில் பாதி வார்த்தை பிடிபடாது, அரசியலோ அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது.

அடுத்து இன்னொரு லண்டன் பங்க் குழு, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். 1978இல் வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசன்ட்ஸ்' ஆல்பத்தில் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் நுகர்வு மோகத்தை வெளுத்து வாங்குவார், கூடவே சாக்ஸபோன் முழங்கும். என்னைக் கேட்டால், கிளாஷுக்குச் சற்றும் குறையாத ஆல்பம்.