மறதிநோய் உள்ளவர் தோலைச் சொறிந்து பிய்க்கும்போது

பழக்கதோஷம் என்று முடிவுகட்டாதீர்கள். மறதிநோய் முற்றியவருக்கு அரிப்பையும் வலியையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. முதலில் தோலைத்தான் பார்க்க வேண்டும்.

குளிக்க வைக்கும்போது நல்ல வெளிச்சத்தில் உடல் முழுக்கப் பாருங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பில் சிறு பொரிகள், இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னொருவரும் சொறிவது: இவை சிரங்கின் அடையாளங்கள். மருத்துவர் உறுதிசெய்தால் 5% பெர்மெத்ரின் கிரீம் தருவார். இரவில் பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். முதியவருக்குத் தலை, முகம், காதிலும் பூசச் சொல்வார்கள்; கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசுங்கள். வீட்டார், கவனிக்க வருபவர் எல்லோரும் அதே நாளில் பூசாவிட்டால் சிரங்கு திரும்பிவிடும்.

பெரும்பாலும் காரணம் வறண்ட தோல். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். 10 நிமிடத்துக்குள் முடியுங்கள். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். குளிக்கும் நீரில் டெட்டால் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தோலை இன்னும் காயவைக்கும். ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தாராளமாகப் பூசுங்கள். தினமும் இருமுறை. பாதத்தில் பூசினால் வழுக்கும், நடக்குமுன் காலுறை போடுங்கள்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்துப் பரிசோதனை கேளுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். அரிப்புக்கென்று மருந்துக்கடையில் அவில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் தரும் அவ்வகை மருந்துகள் குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும், விழ வைக்கும். ஸ்டீராய்டு கலந்த கிரீமும் அப்படித்தான்: அன்றைக்கு அடங்கும், நாளடைவில் தோல் மெலியும்.

காரணம் எதுவும் சிக்காமல் விரல் மட்டும் தோலைத் தேடினால், எந்த நேரத்தில், எந்த இடத்தில், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும் மாலைப்பொழுதா, சத்தமா, சிறுநீர் முட்டலா என்று புலப்படும். அந்த நேரத்துக்கு முன்பே கைக்கு வேலை கொடுங்கள்: முருங்கைக்கீரை உருவ, துண்டு மடிக்க, மொச்சை உரிக்க. வாயில் போடுகிறவருக்குத் துணி வேலைதான் பாதுகாப்பு. ‘சொறியாதே’ என்று அதட்டினால் பதற்றம் கூடிச் சொறிவதும் கூடும். கையை மென்மையாகப் பிடித்து எண்ணெய் தடவி விடுங்கள். கையைக் கட்டுவது மிரட்சியைத்தான் தரும். “பூச்சி ஊர்கிறது” என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாயத்தோற்றமாக இருக்கலாம்.

நகத்தை வாரம் ஒருமுறை, குளித்தபின் மென்மையாக இருக்கும்போது வெட்டி ராவிவிடுங்கள். பிய்ந்த இடத்தைச் சுத்தமான நீரில் கழுவி, ஜெல்லி தடவி, ஒட்டாத காஸ் வைத்துச் சுருள்துணி சுற்றி, முழுக்கைச் சட்டை போடுங்கள். பிளாஸ்டர் வேண்டாம், எடுக்கும்போது முதிய தோல் சேர்ந்து உரியும். சிவப்பு பரவினால், சூடேறினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் புண் என்றால் அது சிறியதானாலும் காட்டிவிடுங்கள்.