விபத்தில் இறந்தவரின் நெஞ்சறை: பிரேதப் பரிசோதனையில் பார்க்கும் முறை

நெஞ்சைத் திறக்கும் முன்பே, நுரையீரலைச் சுற்றி நெஞ்சறைக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். திறந்தபின் அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. தோலையும் தசையையும் விலாவிலிருந்து பிரித்துப் பைபோலத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, நீருக்கடியில் விலா இடுக்கைக் குத்தினால், காற்று கசிந்திருந்தால் குமிழி வரும். அழுகிய உடலிலும் வரும். அங்கே இந்தச் சோதனையை நம்பக்கூடாது.

மார்பெலும்பை எடுக்கும்போது கழுத்தடிச் சிரைகள் அறுபட்டால் ரத்தம் உள்ளே வழிந்து அளவைக் கெடுத்துவிடும். உறுப்புகளை அகற்றுமுன்பே ரத்தத்தைக் கரண்டியால் அள்ளி, இடம் வலம் தனித்தனியாக அளக்கவும். இதய உறைக்குள் வேகமாகச் சேர்ந்தால் 200–300 மி.லி. கூட உயிரைப் பறிக்கும்.

அதிவேக மோதலில் தவறவிடவே கூடாத இடம் ஒன்று உண்டு: பெருந்தமனி வளைவிலிருந்து இடக்கைக்கான தமனி பிரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே. கிழிசல் பெரும்பாலும் குறுக்காக இருக்கும். இதை உறுப்புகள் இருந்த இடத்திலேயே பாருங்கள். நுரையீரலை முரட்டுத்தனமாக இழுத்தால் நம் கையே கிழித்துவிடும். சுற்றுத் திசுவில் ரத்தக்கசிவே இல்லாத கிழிசல் என்றால், அது நம் கையால் வந்ததோ என்று சந்தேகியுங்கள்.

முன்பக்க விலா முறிவுகள், உயிர்காக்க மார்பை அழுத்தியதாலும் வரும். சிகிச்சைக் குறிப்பைப் பார்க்காமல் எழுதாதீர்கள். முதுகெலும்பை ஒட்டிய முறிவு அப்படி வருவது அரிது.